வாரநாட்களில் மட்டும்

வெள்ளிக்கிழமை மாலை, இழுவை லோரியின் முதுகில்
செகாம்புட் பட்டறைக்கு வந்து இறங்கியது அந்தக் கார்.
இங்கிலாந்திலிருந்து இறக்கிய ரீகண்டிஷன் டீசல்.
நான்கு மாதத்தில் மூன்று பேட்டரி தின்றிருக்கிறது.

"பேய் பிடித்திருக்கிறது," என்றார் ஹஸ்லினா, சிரிக்காமல்.
"பேங்க் வாசலில் நிறுத்திவைத்திருக்கிறேன்,
சாவி என் கைப்பையில்.
வலது சக்கரத்துக்கு மேலே வெள்ளையாய்ப் புகைகிறது."

போமன் சோங் ஆல்டர்னேட்டரைச் சந்தேகித்தார்.
அது நல்ல பிள்ளை: பதினாலு புள்ளி இரண்டு.
நான் மீட்டரைத் தொடரில் மாட்டிவிட்டு
சனிக்கிழமை முழுக்க அதன் முகத்தையே பார்த்தேன்.
முப்பது மில்லி ஆம்ப். ஒரு கொசு குடிக்கிற அளவு.
ஞாயிறு துணி காயப்போட்டுவிட்டு வந்து பார்த்தேன்,
அதே கொசு.

திங்கள். மழை போக்குக் காட்டிவிட்டு
கெப்போங் பக்கம் போய்விட்ட மதியம்.
தகரக் கூரை முப்பத்தாறு டிகிரியை
எங்கள் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தது.
கையைக் கழுவிக்கொண்டு
சோற்றுப் பொட்டலத்தின் ரப்பரைக் கழற்றினேன்.
இரண்டு பத்து.

டிக்.
டிக். டிக்.

காரின் அடிவயிற்றில் ஒரு குட்டி பம்ப்
டீசலைச் சொட்டுச் சொட்டாய் அளக்கத் தொடங்கியது.
மீட்டர் எட்டு ஆம்புக்குத் தாவியது.
ஏதோ ஒன்று மூச்சிழுத்தது, இருமியது,
தீ பிடிக்காமல் புகைந்தது,
பிறகு வெறும் காற்றை ஊதிக்கொண்டே இருந்தது,
நிறுத்தச் சொல்ல ஆளில்லாததுபோல்.

சக்கர மூடியைக் கழற்றினோம்.
ரொட்டி டப்பா அளவில் ஒரு பெட்டி,
உள்ளே கரி அடைத்த அடுப்பு.
ஒட்டியிருந்த சீட்டை எழுத்துக்கூட்டிப் படித்தேன்.
கார் ஓடாதபோதும் காரைச் சூடாக்க
தனியாக ஒரு ஹீட்டர்.
கோலாலம்பூரில்!
ஜஹிருல் சிரித்த சிரிப்பில்
பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர் சாக்கடையில் விழுந்தது.
அதைத் தேடவே கால் மணி நேரம்.

டேஷ்போர்டுக்கு அடியில், விரல் அகலத் திரை ஒன்று.
சட்டைப் பொத்தான் பேட்டரியில்
தனக்கென்று ஒரு நேரம் வைத்திருந்தது.
பெரிய கடிகாரத்தை இறக்குமதிக்காரன் திருத்தியிருக்கிறான்,
இதை யாரும் கேட்கவில்லை.
எட்டு மணி நேரம் பின்னால்.
திங்கள் முதல் வெள்ளி வரை, 06:10.

சனியும் ஞாயிறும் ஏன் பேய் வரவில்லை என்று
அப்போதுதான் புரிந்தது.
அந்த ஆள் அன்று தூங்குவார்.

அந்த ஆள் யாரோ. ஆணோ பெண்ணோ.
இருட்டில் எழுந்து, கண்ணாடியில் படிந்த பனியைச்
சுரண்டிச் சுரண்டிச் சலித்து
ஒருநாள் காசு சேர்த்து இதை மாட்டியிருக்கலாம்.
நான் பனியை மீன் பெட்டியில்தான் பார்த்திருக்கிறேன்,
கெம்போங் மீனின் கண் மேல்.
அவர் வண்டியை விற்றது
இதற்கு மட்டும் தெரியாது.

கரியைச் சுரண்டி, புது ஊசி போட்டால்
நன்றாகவே எரியும் என்றேன்.
சோங் என்னைப் பார்த்தார்.
சரி, என்று மஞ்சள் பியூஸை உருவினேன்.
டிக் நின்றது. ஊதல் நின்றது.
திரை மட்டும் அணையவில்லை: 07:22.
இந்நேரம் கிளம்பியிருப்பார்.
அழிக்கும் பொத்தான் எதுவென்று தெரிந்தும்
மூடியைப் பழையபடி மாட்டிவிட்டேன்.

பில் புத்தகத்தில் ஹீட்டருக்குக் கட்டமில்லை.
ஏர்கான் என்று அச்சடித்த இடத்தில் அறுபது வெள்ளி எழுதினேன்.
"ஏர்கானா கெட்டுப்போச்சு?" ஃபோனில் ஹஸ்லினா.
"இல்லை, அதற்கு நேர் எதிர்," என்றேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"அப்படியென்றால் பேய்தான்," என்றார்.

சோற்றுப் பொட்டலத்தை
வெளியே நின்ற லோரியின் மூடிமேல்
மறந்து வைத்திருந்தேன்.
மூன்றரை மணிக்கும் அது
சுடச்சுட இருந்தது.